பெயில் இல்லாத நாடு

எட்டாவது வரை யாரையும் நிறுத்தக் கூடாது என்பதால் நானும் வருடா வருடம் மேலே போய்க்கொண்டிருந்தேன். ஒன்பதாவதில் நிறுத்திவிட்டார்கள். அந்த வருடம் மூன்று மாதம் அப்பா அம்மாவோடு மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தேன். கணக்கில் எட்டு மதிப்பெண் வந்ததே அதிகம்.

அந்தக் கோடையில் மலேசியாவிலிருந்து பெரியப்பா குடும்பம், குலசாமிக்குப் பொங்கல் வைக்க எங்கள் நைனார்பாளையத்துக்கு வந்திருந்தது. பிள்ளைகள் எல்லோரும் மலேசியாவிலேயே பிறந்தவர்கள். பெரியப்பா மகள், எனக்கு அக்கா முறை, என் வீங்கிய முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

“இதுக்கா அழுவுற? எங்க நாட்ல பெயிலே இல்ல லா. வயசு ஆனா மேல ஏத்திருவாங்க. அஞ்சாம் படிவத்துலதான், ஒங்க பதினொன்னாவது மாதிரி, பெரிய சோதனை.”

படிப்பு ஏறாதவர்களுக்குப் பள்ளியிலேயே சமையல், மோட்டார் வேலை எல்லாம் உண்டாம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

மறுநாள் அம்மா தலைமையாசிரியர் முன்னால் நின்றாள். “இன்னொரு வருசம் அதே கிளாசுல ஒக்காரட்டும் சார்.”

“தாராளமா ஒக்காரட்டும்மா. கரும்பு வெட்டுக்கு மட்டும் இட்டுக்கினு போகாதீங்க.”

நான்தான் குறுக்கே புகுந்தேன். “சின்னப் பசங்களோட நான் ஒக்கார மாட்டேன். டி.சி. குடுங்க சார். எங்க பெரியப்பா நாட்ல யாரையும் ஒக்கார வெக்கறதில்ல.”

“அப்ப ஏரோப்ளேன் ஏறிடு,” என்றவர், ஒரு வாரம் யோசிக்கச் சொன்னார். ஒரு வாரம் சோறு தின்னாமல் அடம்பிடித்து வாங்கிவிட்டேன். ஷேர் ஆட்டோவில் வரும்போது அம்மா டி.சி.யை முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

பெரியப்பா குடும்பம் ஊருக்குக் கிளம்பிய அன்று, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் மாறியது.

“ஐயோ, ஏன் வாங்குன? தமிழ்ப்பள்ளியில ஆறாம் ஆண்டு முடிச்சப்ப எனக்கு மலாய் மொழி பத்தல. ஒரு வருசம் புகுமுக வகுப்புல உக்கார வச்சுட்டுத்தான் ஒன்னாம் படிவத்துக்கு விட்டாங்க.”

“அப்ப நீயும் பெயிலு!”

“அதுக்குப் பேரு பெயில் இல்ல.”

“பேரு இன்னாவா இருந்தா இன்னா? பெயிலு பெயிலுதான்!”

அவள் கோபப்படவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். “போயி திரும்பச் சேந்துக்க. மொத மாசந்தான் வெக்கமா இருக்கும்.”

பஸ் நகரும்வரை அவள் கையை விடவில்லை. எனக்கோ வெளிநாட்டுக்காரியையே மடக்கிவிட்ட சந்தோஷம். பள்ளிக்கூடம் திறந்த அன்று, குடகு காப்பித் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் ஜெயித்தது நான்தான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.