பாஞ்சாலை கேட்ட கக்கூஸ்

விருத்தாசலத்தில் சர்ச் மதிலை ஒட்டியிருந்த நடுநிலைப் பள்ளியில் பாஞ்சாலை மதிய உணவு சமைத்தாள். புருஷன் பீங்கான் சூளையில் மண் பிசைந்தான். 1967இல் அந்தச் சர்ச்சுக்காரர்களுக்குப் பள்ளிமேல் திடீரென்று அன்பு பொங்கியது. ‘பள்ளி நட்புக் குழு’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா சாலமோன்தான் தலைவர். குழுவின் முதல் வேலை தனக்கொரு பேனர் எழுதிக்கொண்டது.

பேனரோடு வந்தார்கள். பிள்ளைக்கு ஒரு பிஸ்கட், ஒரு ஆட்டுக்குட்டிப் படம். போட்டோக்காரர் தயாராகும்வரை பிள்ளைகள் வெயிலில் கையை நீட்டிக்கொண்டே நின்றார்கள். கொடுக்கிற கை படத்தில் விழ வேண்டுமே!

பாஞ்சாலை கரண்டியோடு வெளியே வந்து சத்தமாகவே சிரித்தாள். “இதுங்கள்ல ஒண்ணு பேராவது தெரியுமாங்க உங்களுக்கு?”

சாலமோன் முகம் சுளித்தார். “என்னம்மா வேணும்? கேளு, செய்யறோம்.”

“பொட்டப் புள்ளைங்களுக்கு ஒரு கக்கூஸ்.”

“கமிட்டியில வைக்கிறோம்.”

வைத்தார்கள். ஆறு மாதம் அங்கேயே இருந்தது. ஊர் ஊருக்குக் கக்கூஸ் பீங்கான் செய்து அனுப்புகிற ஊரில், பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் பின்னாலிருந்த கருவேலம் புதருக்குப் போய்வந்தார்கள். தை மாதத்தில் யாரோ அதையும் விறகுக்கு வெட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் ஏழாம் வகுப்பு ஜெரினா பள்ளிக்கு வரவில்லை. பாஞ்சாலை வீடு தேடிப் போனாள்.

“வளந்த புள்ள எங்க போயி ஒதுங்கும்? வூட்லயே இருக்கட்டும்” என்றாள் தாய் ஜைத்தூன் பீவி.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஜனம் வெளியே வந்தபோது பாஞ்சாலை சர்ச் வாசலில் நின்றாள். சர்ச் மண்டபத்துக்குப் பின்னால் மூன்று கக்கூஸ் இருந்தது அவளுக்குத் தெரியும். வருஷத்தில் நாலு நாள், கன்வென்ஷன் ஜெபக்கூட்டத்துக்கு வரும் விருந்தாளிகளுக்காகத் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டுதான்.

“மூணையும் பூட்டி வச்சிக்கிட்டு யாரோடங்க நட்பு?”

சாலமோன், “இது சபை விஷயம்...” என்று இழுத்தார். புதிதாக வந்திருந்த இளம் போதகர் யோவேலுக்குக் காது சிவந்துவிட்டது. சாவியை வாங்கி அவள் கையில் கொடுத்தார். அடுத்த வாரமே மதிலை இடித்து ஒரு கதவு வைத்தார்கள். ஜெரினா திரும்பி வந்தாள்.

யோவேல் அதோடு நிற்கவில்லை. செவ்வாய்தோறும் சாயங்காலம் வந்து, கணக்கு வராத பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். பாஞ்சாலைக்கு நம்பிக்கையில்லை. ஒரு நாள் மடக்கினாள்.

“அந்தப் பையன் பேரு?”

“தங்கராசு.”

“அது தேவநாதன்.”

போதகர் பையனிடமே மன்னிப்புக் கேட்டார். அடுத்த மாதம் ஒரு பெயரும் தப்பவில்லை. பாஞ்சாலை ஒரு தட்டுச் சோறு போட்டு அவர்முன் நகர்த்தினாள். அவளிடமிருந்து அவர் பெற்ற பாராட்டு அவ்வளவுதான்.

1972இல், ஜெரினா எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய வருஷம், யோவேலுக்கு மாற்றல் வந்தது. அந்தக் கதவைத் தன் தொலைநோக்கு என்று சாலமோன் ஆண்டறிக்கையில் அச்சடித்துக்கொண்டார். அதே மாதம் அதை அடைக்கவும் தீர்மானம் கொண்டுவந்தார். வளாகம் அழுக்காகிறதாம்.

மறுநாள் ஜைத்தூன் பீவி பத்துப் பன்னிரண்டு தாய்மாரோடு வந்து கதவை மறித்து நின்றாள். உள்பக்கம் சபைப் பெண்கள் வந்து நின்றார்கள். அத்தனை வருஷமாகக் கக்கூஸை முறைவைத்துக் கழுவியவர்கள் அவர்கள்தான். சாலமோனின் மனைவியே கேட்டாள்: “கழுவுறது நாங்க. உங்களுக்கு என்னாங்க கஷ்டம்?”

தீர்மானம் கைவிடப்பட்டது. உலையை விட்டு நகர முடியாத பாஞ்சாலைக்கு, சாலமோன் மனைவி கேட்டதை ஜைத்தூன் பீவி வந்து சொன்னாள்.

“அந்த வூட்ல அந்தம்மாவுக்காவது புத்தி இருக்குதே” என்றாள் பாஞ்சாலை.