டிக்கியில் ஆட்டுக்கல்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு பெண்டாட்டி. ஒருத்தி நான். இன்னொருத்தி ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்திறங்கிய எட்டு சிலிண்டர் கார். இதை நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை, ஃபிஜித் தீவில் எங்கள் ஊரான வரதோலி முழுக்க அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். பா நகரத்து பஸ் கராஜில் மெக்கானிக்காக இருந்தவர், துருப்பிடித்துக் கிடந்த அதை வாங்கிவந்து உயிர் கொடுத்து, ஆரஞ்சு வர்ணம் பூசினார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் காருக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்கள்தான் ஆடும், பதில் வராது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு எங்கள் தெருவில் இந்தியர்கள் வீட்டுக்கு வீடு மூட்டை கட்டினார்கள். எங்களுக்கும் நியூசிலாந்தில் ஆக்லாந்துக்கு விசா வந்தது. வீட்டை விற்றோம், மாட்டை விற்றோம், டிக்கெட்டும் வாங்கியாயிற்று. கார் மட்டும் முற்றத்தில் நின்றது. வாங்க வந்தவர்களை இவரே துரத்தினார். ஒருவரிடம் பெட்ரோலை மடக் மடக்கென்று குடிக்கும் என்றார், இன்னொருவரிடம் பிரேக்கை நம்ப முடியாது என்றார். கராஜில் இவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துப் பழகிய ஃபிஜியப் பூர்வகுடி நண்பர் ஒருவர் கேட்டபோது மட்டும் விலை பேசி முடித்தார். அவரிடமும் சாவியைக் கொடுக்காமல் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே இழுத்தடித்தார்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், ரசம் கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்: "நீங்க முதல்ல போங்க. நான் காரை ஒரு வழி பண்ணிட்டுப் பின்னால வரேன்."

பின்னால் வருகிறேன் என்று தங்கிவிட்ட ஆண்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். இரண்டு பிள்ளைகளையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு நான் குளிரில் நிற்க, இவர் இங்கே காரைத் துடைத்துக்கொண்டிருப்பாரா? நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். மாமியார் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அந்தச் சமயம் பார்த்து நாண்டிக்கு அப்பால் ஒரு பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் என்று சேதி வந்தது. இரண்டிரண்டு காராக நிறுத்தி நேராகக் கால் மைல் ஓட்டுவார்கள். ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன். தோற்றால் வெறுத்துப்போய் விற்றுவிடுவார் என்பது என் கணக்கு. தோற்கவேண்டும் என்று மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்தும் வைத்தேன்.

பந்தயத்துக்குப் போகிறவன் தனியாகப் போவான். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமே கிடையாது. கார் கிளம்பினால் குடும்பமே கிளம்பும், சோற்றுப் பானையும் கிளம்பும். மாமியார் விடியற்காலையிலேயே ஆட்டுக்கறி ஆக்கி, மரவள்ளிக்கிழங்கு அவித்து, பெரிய குண்டானில் சோறு வடித்துவிட்டார். அதோடு விடவில்லை. நாண்டி தாண்டினால் சிகடோகா, அங்கே அவருடைய தங்கை வீடு. ஊரைவிட்டுப் போகிறவர்கள் கனமான சாமான்களைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். அதனால் ஆட்டுக்கல்லையும் ஒரு மூட்டை அரிசியையும் டிக்கியில் ஏற்றச் சொன்னார். இவரும், பந்தயம் பார்க்க எங்களோடு கிளம்பிய அந்த ஃபிஜிய நண்பரும் மூச்சுப்பிடித்துத் தூக்கி வைத்தார்கள். கார் பின்பக்கம் அமுங்கி, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது.

ஓடுதளத்தில் மற்றவர்கள் எடையைக் குறைக்க ஸ்டெப்னியைக் கழற்றினார்கள், பின்சீட்டைக் கழற்றினார்கள். நாங்கள் பாய், குண்டான், பிள்ளைகள் என்று இறக்கிக்கொண்டிருந்தோம். அதற்குள் இவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மாமியார் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் கொளுத்த, பெட்ரோல் வாடைக்கு நடுவில் நெருப்பா என்று கொடி பிடித்திருந்தவர் அலறியடித்து ஓடிவந்தார். இந்தக் களேபரத்தில் ஆட்டுக்கல்லை எல்லோரும் சுத்தமாக மறந்துபோனோம்.

பக்கத்தில் லௌடோக்காவிலிருந்து வந்த வெள்ளைக் கார். ஓட்டியவன் வாலிபன், கறுப்புக் கண்ணாடி வேறு. கொடி இறங்கியதும் அவன் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகையைக் கக்கின. எங்கள் கார் ஒரு கணம் குந்தியது, அப்புறம் விட்ட அம்புதான். தோற்கவேண்டும் என்று வேண்டிக்கொண்ட நானே எழுந்து நின்று கத்தினேன். ஜெயித்துவிட்டார். கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது, போச்சு, இனி இந்த மனுஷன் காரை விடவே மாட்டார் என்று.

வெள்ளைக் கார் பையன் நல்ல பிள்ளை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு வந்து, பின்பக்கம் என்ன வேலை செய்தீர்கள், சக்கரம் வழுக்கவே இல்லையே என்று இந்தியில் கேட்டான். இவருக்கும் அதுதான் புரியவில்லை. யோசித்துக்கொண்டே டிக்கியைத் திறந்தார். உள்ளே அரிசி மூட்டையில் சாய்ந்துகொண்டு ஆட்டுக்கல். சக்கரத்தைத் தரையோடு அழுத்திப் பிடித்தது அந்தப் பாரம்தான். நண்பர் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். இந்தக் கல் எங்கே கிடைக்கும் என்று அந்தப் பையன் நிஜமாகவே கேட்டான்.

இவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரிப்பு அடங்கியும் கல்லின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. பாயில் உட்கார்ந்து கறி பரிமாறிக்கொண்டிருந்த மாமியாரைப் பார்த்து, "இத ஏம்மா குடுக்கற? கல்யாணம் ஆனதுலேர்ந்து இதுலதானே மாவாட்டற. கப்பல்ல அனுப்பலாம்னு சொன்னேனே" என்றார்.

மாமியார் கரண்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கல்லு கெடக்குதுடா. நீ கூட வந்தா போதும் எனக்கு."

இவர் டிக்கியை மூடினார். பிறகு சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நண்பரின் கையில் வைத்து, சிகடோகாவுக்கு நீயே ஓட்டு என்றார்.

அந்தக் காருக்குக் கதவு இரண்டுதான். முன்சீட் மாமியாருக்கு. முன்சீட்டை மடக்கிப் பின்னால் நுழைந்து பிள்ளைகளோடு நசுங்குவது எப்போதும் நான். அன்றைக்கு இவரும் நுழைந்தார். முழங்கால் முகவாயில் இடித்தது.

"இத்தன வருசமா இதுக்குள்ளயா குந்திக்கினு வந்த?" என்றார்.

"கேட்டாத்தானே" என்றேன்.

நண்பர் கியர் மாற்றினார். பக்கத்தில் ஏதோ அசைகிறதே என்று குனிந்து பார்த்தேன். இவருடைய இடது கால், இல்லாத கிளட்ச்சை மிதித்துக்கொண்டிருந்தது. நாளெல்லாம் அந்தக் காரைக் கரித்துக்கொட்டிய எனக்குத்தான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் முழங்காலில் கையை வைத்தேன். நண்பர் கியர் மாற்றும்போதெல்லாம் அந்தக் கால் என் கைக்குக் கீழே மிதித்தது, சிகடோகா வரைக்கும்.