கருட சேவையும் ஃபயர்வாலும்

காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடை. அதன் பில்லிங், சரக்குக் கணக்கு எல்லாம் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒரு லினக்ஸ் கணினிப் பெட்டியில்தான் ஓடுகிறது. அதைப் பார்த்துக்கொள்வது நான். பார்த்துக்கொள்வது என்றால், பிள்ளையார்பாளையத்தில் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கைலியோடு உட்கார்ந்து, லேப்டாப்பின் கறுப்புத் திரையில் கட்டளை அடிப்பது. நான் காட்டும் கம்பீரத்தைப் பார்த்தால் ராக்கெட் விடுகிறேன் என்று நினைப்பீர்கள்.

கருட சேவையன்று காலை. கடை திறந்ததும் திருவண்ணாமலையிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வேன் பிடித்து வருகிறது என்று முதலாளி சொல்லியிருந்தார். அதற்குள் ஃபயர்வாலைப் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். பெட்டிக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று வாசலில் நின்று பார்க்கும் மென்பொருள் அது. முதலில் நமக்கு வழிவிடச் சொல்லிவிட்டு, பிறகுதான் மற்றவர்களை மறிக்கச் சொல்ல வேண்டும். நான் எடுத்தவுடனே எல்லாரையும் மறி என்றேன். மறித்தது. என்னையும்தான்.

திரை உறைந்தது. எண்டரைத் தட்டினேன். வாயில் வந்ததையெல்லாம் அடித்தேன். ஓர் எழுத்துகூடத் திரையில் விழவில்லை.

எதிரே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "ஏங்க, இன்னாத்துக்கு மூஞ்சி இப்டி வெளுத்துப் போச்சி?"

"கடைப் பெட்டி என்னியே வெளிய தள்ளிடிச்சி. பில்லிங்கும் படுத்திருக்கும். நேர்ல போய்த்தான் ஆவணும்."

"இன்னிக்கா? ரோடெல்லாம் ஜனம்ங்க!"

காந்தி ரோட்டு முனையிலேயே ஸ்கூட்டரைப் போட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்தேன். பாதியில் சிக்கிக்கொண்டேன். குடைகள், மேளம், கருடன்மேல் ஆடி ஆடி வந்த பெருமாள். எங்களுடையது சைவக் குடும்பம். இவரிடம் அதுவரை நான் ஒன்றும் கேட்டதில்லை. அன்று கை கூப்பிக் கேட்டேன்: பெருமாளே, பெட்டிக்குள் நான் நுழையும் வாசல், அந்த இருபத்திரண்டாம் நம்பர் போர்ட்டை மட்டும் திறந்துவிடும். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

பக்கத்தில் நின்ற அம்மாள் தன் மகளை இடித்தாள். "பாரு அந்த ஆள, எப்டி உருகறாரு. நீயும் இருக்கியே, செல்லுல படம் புடிச்சிக்கினு!"

எனக்கு ஒரு தம்ளர் மோரும் கொடுத்தாள். உண்மையைச் சொல்லவில்லை. குடித்தேன்.

ஒருவழியாகக் கடைக்குள் விழுந்தபோது முதலாளி கல்லாவில் இருந்தார். "இன்னாபா, குளிச்சிட்டு தொவட்டாமயே வந்துட்டியா?"

"பில்லிங் போச்சிங்களா?"

"நடுவுல கொஞ்ச நேரம் நின்னுது. இப்போ நல்லா ஓடிக்கினுதான்..."

அவர் முடிப்பதற்குள் நான் மாடிப்படிக்குக் கீழே குனிந்து பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். அணைத்துப் போட்டால் மறியல் போய்விடும் என்று வழியெல்லாம் அதை மட்டுமே நினைத்துக்கொண்டு வந்த கை, காது சொல்வதைக் கேட்கவில்லை.

பிளக்கைத் திரும்பச் சொருகினேன். அடிபட்ட பெட்டி எழுந்து, தன் டிஸ்க்கை ஆற அமரச் சோதிக்க ஆரம்பித்தது. வாசலில் வேன் வந்து நின்றது. பாதி வேன் கல்யாணப் பெண்ணின் அத்தைகள்.

"ஓடிக்கினு இருந்தத ஏன்பா அணைச்ச?" என்றார் முதலாளி, சிரித்த முகத்தோடு. வாடிக்கையாளர் முன்னால் அவர் கோபப்படும் முறை அது.

போன் அடித்தது. மனைவி. "எத்தினி வாட்டி கூப்பிடறது? மேளத்துல காதே கேக்கலியா? நீங்க போன கொஞ்ச நேரத்துல இங்க லேப்டாப்பு தானா ஓட ஆரம்பிச்சிடிச்சி."

அப்போதுதான் உறைத்தது. ஃபயர்வாலைத் தொடும் முன்பு, 'பத்து நிமிடத்தில் இந்தத் தடையை நீயே எடுத்துவிடு' என்று பெட்டிக்குச் சொல்லி வைப்பது என் வழக்கம். என் லட்சணம் தெரிந்து நானே செய்துகொண்ட ஏற்பாடு. அன்றும் சொல்லித்தான் வைத்திருந்தேன். ஒரு காபி குடித்திருந்தால் போதும், கதவு தானாகத் திறந்திருக்கும்.

"நீங்க தட்டினதுக்கெல்லாம் இப்போ வரிசையா பதில் வந்திருக்குதுங்க. படிக்கட்டா?"

"வேணாம்மா."

"'ஐயோ'ன்னு ஒரு கமாண்டே கிடையாதாம். நாலு வாட்டி சொல்லியிருக்குது. 'அம்மா'வும் கிடையாதாம்."

பெட்டி சோதனையை முடித்துப் பில்லிங் திரையைக் காட்டியபோது, அத்தைகள் முதல் சேலையிலேயே இருந்தார்கள். முந்தியில் மயிலா அன்னமா என்று இன்னும் முடிவாகவில்லை. முதலாளி அவர்களுக்குக் காபி சொன்னார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எனக்கும் சேர்த்துச் சொன்னார். வீட்டிலேயே குடித்திருக்க வேண்டியது.