ஜாடிக்குள் ஆரஞ்சுத் தோல்

ஐசில்டாவின் மூக்கைப் பற்றி வெஸ்ட்மோர்லண்ட் மலைப்பக்கம் சொல்லப்படும் கதைகளில் பாதியாவது உண்மை. அடுத்த மலையில் யார் வீட்டு அடுப்பில் கறி தீய்கிறது என்று இங்கிருந்தே சொல்வாள். மழை வருவது மேகத்துக்குத் தெரியும் முன்பே அவளுக்குத் தெரியும். ஒருமுறை போலீஸ் மோப்ப நாயோடு வந்தபோது, அந்த நாய் இவளை ஒருதரம் பார்த்துவிட்டு, பெரியவர்கள் இருக்கிற இடத்தில் நமக்கென்ன வேலை என்பதுபோல வாலைச் சுருட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டதாம்.

அந்த மூக்குக்குச் சொந்தக்காரி, கோழிகளுக்குத் தீனி வைக்கக் குனிந்தவள், நிமிராமலே போய்விட்டாள். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, சொல்லிக்கொள்ளவும் இல்லை. மூச்சுக்குத் தவிக்கிறவன் அவள் புருஷன் யூஸ்டஸ்தான். யார் முதலில் போவது என்று அந்த வீட்டில் எப்போதோ முடிவாகியிருந்தது. அவனுக்கு உடுத்திக் கிடத்த வேண்டிய கோட்டைக்கூட அவள் வெளுத்து மடித்து வைத்திருந்தாள். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் அவன் அவளைப் புதைக்கப் போனான்.

யூஸ்டஸ் சவன்னா சந்தைக்கு வேன் ஓட்டினான். அதில் இடம் கிடைக்காதவர்கள் அடுத்தவர் மடியில் உட்காருவார்கள். ஐசில்டா உட்கார்ந்தது டிரைவர் மடியில் என்று அவன் கூட்டாளி கிளோவிஸ் சொல்வான். கிளோவிஸ் டோமினோ ஆடும்போது சொல்வதையெல்லாம் நம்ப வேண்டியதில்லை.

யூஸ்டஸுக்கு மார்பு இழுக்கும்போது ஐசில்டா கொதிக்கவைத்துக் கொடுக்கும் கஞ்சாத் தேநீர்தான் கேட்கும். கஞ்சா என்ற சொல் கரும்பு வெட்ட நம் நாட்டிலிருந்து வந்த கூலிகளின் கப்பலில் அந்தத் தீவில் வந்திறங்கியது. சொல்லும் செடியும் அந்த மண்ணில் ஒட்டிக்கொண்டன. வீட்டுக்கு ஐந்து செடி வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்த பிறகு ஐசில்டா சமையலறைக்குப் பின்னால் வைத்தாள். அதற்கு முன்பு எங்கே வைத்திருந்தாள் என்பது மோப்ப நாய்க்குத் தெரியும். அது கடைசிவரை சொல்லவில்லை.

வளர்ப்பது யாருக்கும் வரும், வைத்துக் காப்பதுதான் வேலை என்பாள். அறுத்த கிளைகளை நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுவாள். காம்பு வளையக் கூடாது, டக்கென்று ஒடிய வேண்டும். பிறகு பூக்களைப் பழுப்புக் கண்ணாடி ஜாடியில் அமுக்காமல் போட்டு, மேலே கொஞ்சம் காற்றுக்கு இடம் விடுவாள். முதல் சில நாள் தினமும் மூடியைத் திறந்து மூச்சுவிட வைப்பாள். அப்புறம் தேநீருக்கு எடுக்க மட்டுமே திறப்பாள். வீட்டிலேயே வெயிலும் வெளிச்சமும் எட்டாத குளிர்ந்த இடம் அவள் கட்டிலுக்கு அடியில், தலைமாட்டுப் பக்கத்துச் சிமெண்டுத் தரை. ஜாடி அங்கேதான் இருக்கும். அடுத்த அறுவடைவரை, திறந்தால் கசக்கிய எலுமிச்சை இலையும் மழை மண்ணும் சேர்ந்த வாசம் வரும்.

கல்யாணமான புதிதில் யூஸ்டஸ் அந்த ஜாடிக்குள் ஆரஞ்சுத் தோல் போட்டான். உலர்ந்ததற்கு உயிர் வரும் என்று வேன் ஸ்டாண்டில் எல்லாரும் செய்வதுதான். தோலின் ஈரத்தில் பூசணம் பூத்தது. அன்று ஐசில்டா திட்டிய திட்டில் பக்கத்து வீட்டு மரத்திலிருந்த சீமைப்பலா அத்தனையும் உதிர்ந்ததாகவும், மேயப்போன ஆடுகள் பாதி வழியில் வீடு திரும்பியதாகவும் சொல்வார்கள். சாதாரணமாக அவனை "யூஸ்" என்பவள், அன்று "மிஸ்டர் யூஸ்டஸ்" என்றுதான் ஆரம்பித்தாள்.

அதிலிருந்து அவன் ஒன்று கற்றுக்கொண்டான். ஐசில்டாவுக்குக் கோபம் வந்தால் திட்டுவாள். பெரிய கோபம் வந்தால் பேசவே மாட்டாள். அந்த மௌனம்தான் அவனுக்கு இழுப்பைவிடக் கொடுமை. அப்படிப்பட்ட நாட்களில் அவன் ஓர் ஆரஞ்சை உரித்து, தோலை ஜாடியின் மூடிமேல் வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வான். கோழிக்கூட்டிலிருந்தே அவளுக்கு மூக்கு விடைக்கும்.

"மிஸ்டர் யூஸ்டஸ், அந்தத் தோல யாரு வெச்சது?"

"எலியா இருக்கும், மிஸ் ஐசி."

"ஆரஞ்சு உரிக்கிற எலிக்கா நான் வாக்கப்பட்டேன்?"

பேசிவிட்டாள். அவ்வளவுதான், சண்டை முடிந்தது. அவன் வேண்டுமென்றே வைப்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் திட்டினாள்.

இறந்தவர்களின் ஆவியை அங்கே டப்பி என்பார்கள். ஒன்பதாம் இரவுவரை அது வீட்டைச் சுற்றும். அன்றைக்குப் பொரித்த மீனும் ரொட்டியும் வெள்ளை ரம்மும் வைத்து, பாட்டுப் பாடி வழியனுப்புவார்கள். அதற்கு முன்பாகக் கட்டிலைச் சுவர் மாற்றிப் போட வேண்டும். வந்து பார்க்கும் டப்பி, இது நம் அறை இல்லை என்று போய்விடும்.

ஒன்பதாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் ஐசில்டாவின் அக்காள் பியர்லின் கையில் துடைப்பத்தோடு அறைக்குள் வந்தாள்.

"யூஸ்டஸ், கட்டிலோட அந்தப் பக்கத்தப் பிடி."

"அது இருக்கிற எடத்துலயே இருக்கட்டும், சிஸ்டர் பியர்லின்."

"இருந்தா அவ திரும்பி வந்து படுத்துக்குவா."

"படுத்துக்கட்டுமே. அவ கட்டில்தான."

வாசலில் டோமினோ அடுக்கிக்கொண்டிருந்த கிளோவிஸ் எட்டிப் பார்த்தான். "அவ படுத்துக்கிட்டா நீ எங்கடா படுப்ப?"

"எப்பவும் போல ஓரத்துல."

வாசலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பியர்லின் சிரிக்கவில்லை. அவளே ஆட்களைக் கூப்பிட்டுக் கட்டிலை எதிர்ச்சுவருக்கு மாற்றினாள். அடியில் ஜாடி தனியாக நின்றது. அதில் பூ பாதிக்குமேல் இருந்தது. ஐசில்டா கடைசியாக உலர்த்தி அடைத்தது. யூஸ்டஸ் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பாட்டு முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான்.

எல்லாரும் போனபின் கட்டிலைப் பழைய இடத்துக்கே இழுத்தான். ஒரு சாண் இழுப்பான், மார்பைப் பிடித்துக்கொண்டு நிற்பான், மறுபடி இழுப்பான். ஜாடியைத் தலைமாட்டுக்கு அடியில் வைத்தான். சுவரோரத்தில் ஒடுங்கிப் படுத்து, பெரிய பக்கத்தை அவளுக்கு விட்டான்.

அவள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நகத்தளவு சத்தம், ஒரு இருமல், ஒன்றும் கிடையாது. யூஸ்டஸ் யோசித்துப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்த ஐசில்டா பேசாமலிருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெரிய கோபம். விழுந்தவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது வேனை மெதுவாக ஓட்டினோமோ? அவளுக்குப் பிடிக்காத நீலச் சட்டையை உடுத்திப் புதைத்துவிட்டார்களோ? எதற்கென்று தெரியாவிட்டால் என்ன, மருந்து தெரியும்.

சந்தையிலேயே நல்ல ஆரஞ்சாகத் தேடி வாங்கினான். உரித்த தோலை மூடிமேல் வைத்தான். காத்திருந்தான். செத்தவளுக்கு இது போதாது போலும் என்று தோன்றியது. கடைசியில் ஜாடியைத் திறந்து உள்ளேயே போட்டு இறுக மூடினான். நிச்சயம் வருவாள் என்று பயமாகக்கூட இருந்தது.

"எலிதான், மிஸ் ஐசி," என்று அறையைப் பார்த்துச் சொல்லி வைத்தான்.

மழை பிடித்துக்கொண்டது. வேன் கொட்டகையிலேயே நின்றது. அவன் வாசலில் உட்கார்ந்து கோழிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சூப்பு கொண்டுவந்த பியர்லின், அவன் மூச்சு விசிலடிப்பதை வாசலிலேயே கேட்டாள்.

"தேநீர் குடிச்சியா?"

"இல்ல."

"அவ வெச்சது இருக்குல்ல?"

அவள் அறைக்குள் போக, அவனும் பின்னாலேயே போனான். அவளே கட்டில் பழைய இடத்தில் கிடப்பதைப் பார்த்தாள், குனிந்து ஜாடியை எடுத்தாள், மூடியைத் திருகினாள். நனைந்த சாக்கு நாற்றம் அடித்தது. பூக்களின்மேல் பஞ்சுபோல வெள்ளை பூத்திருந்தது. நடுவில் ஆரஞ்சுத் தோல் கறுத்துச் சுருண்டு கிடந்தது.

"இது அவ கையால வெச்ச கடைசியில்லையா, யூஸ்டஸ்."

"ஆமா."

"தெரிஞ்சே போட்டியா?"

"வந்து திட்டுவான்னு போட்டேன்."

பியர்லின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். தங்கைக்கும் அவனுக்கும் நடுவே அந்தத் தோல் என்ன வேலை செய்தது என்று அவளுக்குத் தெரியும். மலைக்கே தெரியும்.

"நீ திட்டு, சிஸ்டர்," என்றான் யூஸ்டஸ். "உனக்கு அவ குரல்தான். ஒரு தடவ."

அவள் எழுந்து இடுப்பில் கை வைத்தாள். "மிஸ்டர் யூஸ்டஸ்," என்று தொடங்கினாள். ஐசில்டாவின் குரலேதான். அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் உதடு கோணியது. மேற்கொண்டு ஒன்றும் வரவில்லை. பக்கத்து வீட்டு மரத்தில் ஒரு காய்கூட விழவில்லை. மழை மட்டும் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

யூஸ்டஸ் ஜாடியை வாங்கி மூடினான். காற்றுப் புகாமல், அவள் மூடுவதுபோல இறுக்கி மூடினான். அதை ஜன்னல் கட்டையில், வெளிச்சம் படுகிற இடத்தில் வைத்தான். மூச்சு நிலைக்கு வரும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கட்டிலோட அந்தப் பக்கத்தப் பிடி, சிஸ்டர்," என்றான்.