பழைய டோக்கன்

காலையில் ஆபீஸுக்கு வந்ததும் அக்கா பழைய டோக்கன் ஒன்றை எடுத்து சர்வரிடம் நீட்டுவார். ‘செல்லாது’ என்று சர்வர் விரட்டியடித்தால்தான் அவருக்குக் காபி இறங்கும். நான்கு வருடமாகப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து இந்தக் கூத்தைப் பார்த்துவருகிறேன்.

டோக்கன் என்றால் வேறொன்றுமில்லை. கடவுச்சொல் கொடுத்து உள்ளே வந்தவருக்கு சர்வர் என்கிற மையக் கணினி தரும் அனுமதிச் சீட்டு. எட்டு மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். அந்தச் சீட்டைக் கொடுப்பதற்கும் சரிபார்ப்பதற்கும் நிரல் எழுதுவதுதான் இவர் வேலை. பல நிறுவனங்கள் அதை வாங்கித் தங்கள் மென்பொருளில் பொருத்திக்கொள்கின்றன, ஒரு பெரிய மருத்துவமனை உட்பட. எங்களுக்கு இவர் ‘செக்கிங் அக்கா’. கழுத்தில் கார்டு மாட்டாமல் யாராவது லிஃப்டில் ஏறினால் போதும், “மூஞ்சி தெரிஞ்சா ஆச்சா? சீட்டு இருக்கா, அதைச் சொல்லுங்க” என்பார். எம்.டி.யிடமே ஒருமுறை கேட்டுத் தொலைத்தார்.

ஒரு திங்கட்கிழமை அவர் நீட்டிய வெள்ளிக்கிழமை டோக்கனை சர்வர் மறுபேச்சில்லாமல் உள்ளே விட்டது. அக்கா காபியைத் தள்ளிவைத்துவிட்டு நிரலைத் தோண்டினார். காலாவதியைச் சோதிப்பதற்காக நிரலின் கடிகாரத்தை நிறுத்திவைக்கும் வரி ஒன்று உண்டு. வெள்ளி மாலை புதிய பதிப்பை அனுப்பியபோது அதுவும் கூடவே போயிருக்கிறது. அனுப்பியவர் சாட்சாத் அக்காவேதான். கடிகாரம் நின்றுபோனதால் மூன்று நாளாக எந்த டோக்கனும் சாகவில்லை. ஒன்று கையில் சிக்கியவன் நோயாளிகளின் கோப்புகளை இஷ்டத்துக்குப் படிக்கலாம்.

எல்லா டோக்கன்களையும் ரத்து செய்ய வேண்டும். செய்தால் வார்டில் வேலையாக இருக்கும் நர்ஸ்கள் ஒரே நொடியில் மென்பொருளிலிருந்து வெளியே விழுவார்கள். சாயங்காலம் ஷிஃப்ட் மாறும்போது சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்றார் எங்கள் மேனேஜர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா அதற்குள் மருத்துவமனைக்குப் போன் போட்டு, மருந்து அளவுகளைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளப் பதினைந்து நிமிடம் கொடுத்துவிட்டார். காரணமாகப் பராமரிப்பு வேலை என்று மட்டும் சொல்லத்தான் மேனேஜர் விட்டார்.

ரத்து செய்தார். வெளியே விழுந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கடவுச்சொல் கொடுத்து உள்ளே திரும்பினார்கள். ஒரே ஒரு டோக்கன் மட்டும், மருத்துவமனைக்கு வெளியே எங்கிருந்தோ, கடவுச்சொல் கொடுக்காமல் முட்டிக்கொண்டே இருந்தது. அக்கா பதிவுகளைப் புரட்டினார். வெள்ளிக்கிழமையிலிருந்து பதினேழு தடவை அது ஒரே கோப்பைத்தான் திறந்திருக்கிறது. எங்களுக்கு அந்தக் கோப்பின் முகப்பு மட்டும்தான் தெரியும். அதில் ஒரு பெண் நோயாளியைப் பற்றி எழுதியிருந்தது: ‘கணவர் உட்பட யார் கேட்டாலும் அறை எண்ணைச் சொல்லக்கூடாது.’

“கதவைத்தான் மூடியாச்சே, விட்டுடுங்க,” என்றார் மேனேஜர், குரலைத் தாழ்த்தி. “வெளிய சொன்னா முதல்ல போறது உங்க வேலைதான்.”

“ரூம் நம்பர் அவன் கையில இருக்கு சார்,” என்றார் அக்கா.

மருத்துவமனைக்கு மறுபடி போன் போட்டார். மறுமுனையில் எடுத்ததும், “தப்பு என்னோடது, அப்புறமா திட்டுங்க. முதல்ல அந்தம்மாவ ரூம் மாத்துங்க,” என்றார். இணைப்பைத் துண்டிக்க மேனேஜரின் கை நீண்டது. அக்கா அந்தக் கையை மேசையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, கோப்பு எண்ணை ஒவ்வோர் இலக்கமாக நிதானமாகப் படித்தார்.