சந்தேகத்தோடு உறிஞ்சிய காஸ்டிக் சோடா

எண்பதுகளில் எனக்கு பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வு. அப்போதெல்லாம் பிப்பெட் என்ற கண்ணாடிக் குழாயில் கரைசலை வாயால்தான் உறிஞ்சி எடுப்போம். அன்று காஸ்டிக் சோடா. பக்கத்தில் செல்லூர் முருகேசன். முதலிடத்துக்கு எனக்குப் போட்டி. அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தது நான் மட்டும்தான்.

அவன் என் பாட்டிலை எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைத்தான்.

"என்னடா பண்ற?"

"பேசாம இதுல எடு மாப்ள."

தண்ணீர் கலந்திருப்பான், என் மதிப்பெண்ணைக் கவிழ்க்கப் பார்க்கிறான் என்று முடிவு கட்டினேன். அவன் திரும்பியதும், பெரிய துப்பறியும் புலி மாதிரி, பாட்டில்களைப் பழையபடி மாற்றிவிட்டுப் பலமாக உறிஞ்சினேன். அடியில் கொஞ்சமே இருந்த கரைசல் காற்றோடு சேர்ந்து வாய்க்குள் பாய்ந்தது. நாக்கு எரிந்தது.

முருகேசன் ஓடிவந்து என் தலையைக் குழாயடியில் அமுக்கினான். கொல்லப் பார்க்கிறானோ என்றுதான் அப்போதும் நினைத்தேன்!

"கொப்புளிச்சுத் துப்பு, முழுங்கிராத! கம்மியா இருந்தா காத்து ஏறும்னுதானடா நெறஞ்ச பாட்டில வச்சேன்!"

நாக்கு பிழைத்தது. ஆனால் அவன் பதற்றத்தில் திருகை மூடாமல் விட்டு வந்த பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து அமிலம் முழுவதும் ஒழுகியிருந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

சந்தேகப் புத்தி இன்னும் என்னை விடவில்லை. யாராவது நல்லது செய்தால் இப்போது முதலில் என்னைத்தான் சந்தேகிக்கிறேன்.