விழாத அட்டை

அந்தக் கம்பி முழங்கை நீளம் இருக்கும். ஒரு முனையில் மரப்பிடி, மறுமுனை மழுங்கல். ஓரங்களில் வரிசையாகத் துளையிட்ட அட்டைகளைக் கட்டாக மேசைமேல் தட்டிச் சமன்செய்து, ஒரு துளையில் கம்பியைச் செருகித் தூக்கி உலுக்கினால் சில அட்டைகள் மட்டும் பொலபொலவென்று விழும். மற்றவை கம்பியிலேயே தொங்கும். ஆயர் குரோவில் வேலை பார்க்கும் என் மகள் இன்று அதே வேலையைக் கணினியில் செய்கிறாள். ஒரு கட்டத்தைத் தட்டுகிறாள். திரையில் இருந்த பெயர்களெல்லாம் மறைந்து வேண்டியவை மட்டும் நிற்கின்றன. "மறைஞ்சது எங்கம்மா போயிடும், உள்ளதான் இருக்கு" என்று சிரிப்பாள். என்னால் அருகில் உட்கார்ந்து பார்க்க முடிவதில்லை. ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்துவிடுவேன். நான் செய்த ஒரு காரியம்தான் அதற்குக் காரணம்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த புதிது. குடியுரிமை விண்ணப்பங்களைப் பதிய மலாக்காவில் தற்காலிகமாக ஓர் அலுவலகம் திறந்திருந்தார்கள். என் அண்ணியும் நானும் அங்கே குமாஸ்தாக்கள், எங்கள் பேச்சில் கிராணிகள். காஜா பேராங்கிலிருந்து இரண்டு சைக்கிள்களில் சேர்ந்து போவோம். அண்ணி அந்தப் பகுதியிலேயே தலைமுறைகளாக வாழ்ந்த மலாக்கா செட்டி குடும்பத்துப் பெண். கோயிலில் எங்களோடு நின்று கும்பிடுவார், திருநீறு பூசுவார். ஆனால் வீட்டு மொழி அவர்களுடைய மலாய். என் அண்ணனைக் கட்டிக்கொண்ட பிறகுதான் தமிழை ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கினார். அப்பாவுக்கு அந்தக் கல்யாணம் பிடிக்கவில்லை. ஒரே கூரையின்கீழ் இரண்டு ஆண்டுகள் இருந்தும் அண்ணியோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அண்ணி எதிரில் நிற்கும்போதே என்னிடம், "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு, கதவச் சாத்தட்டும்" என்பார்.

அட்டையின் ஒவ்வொரு துளையும் ஒரு கேள்வி. இங்கே பிறந்தவரா, வெளியே பிறந்தவரா, இன்ன தோட்டத்தவரா, தஸ்தாவேஜு இல்லாதவரா. பதில் 'ஆம்' என்றால் அந்தத் துளையிலிருந்து அட்டையின் விளிம்புவரை வெட்டிவிட வேண்டும். வெட்டிய அட்டையைக் கம்பி பிடிக்காது, கீழே விழும். 'தஸ்தாவேஜு இல்லை' என்ற துளையில் கம்பி போட்டு விழுந்தவர்களெல்லாம் விசாரணைக் கட்டுக்குப் போவார்கள். அப்பா அந்தக் கட்டில் விழ வேண்டியவர். கப்பலில் வந்து, ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பல வருஷம் பால்மரம் சீவி, பிறகு நகரத்துக்கு வந்து ஆற்றோரக் கிடங்கொன்றைக் காக்கும் ஜாகா வேலை பார்த்தார். அவருடைய காகிதங்கள் ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்து லயத்து வீட்டோடு எரிந்துபோயின.

விசாரணைக் கட்டைப் பற்றி அப்போது பலவிதமாகப் பேசிக்கொண்டார்கள். திரும்பத் திரும்ப அலையவைப்பார்கள், காகிதம் இல்லாதவர்களைக் கப்பலேற்றிவிடுவார்கள் என்றெல்லாம். அலுவலகத்தில் இருந்த எனக்கே அதில் எது உண்மை என்று தெரியவில்லை. அப்பா தினமும் மாலையில், "என் கார்டு எங்க போயிருக்கு?" என்று கேட்பார். ஒரு மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது அப்பாவின் அட்டையை எடுத்தேன். வெட்டியிருந்த இடத்தில் பசைத்தாளை ஒட்டி, துளையை மறுபடியும் முழுசாக்கினேன். கம்பியைச் செருகி உலுக்கிப் பார்த்தேன். விழவில்லை. அட்டை தஸ்தாவேஜு உள்ளவர்களின் கட்டோடு போய்ச் சேர்ந்தது.

அண்ணிக்கு எந்த இடத்திலும் சும்மா இருக்கத் தெரியாது. விசாரணைக் கட்டு மேசையில் உயர்ந்துகொண்டே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் பெரிய கிராணியிடம் போய் அனுமதி கேட்டார். அந்தக் கட்டை மட்டும் தனியே எடுத்து, தோட்டத்துக்கான துளையில் இரண்டாம் முறை கம்பி போட்டார். அப்பா இருந்த தோட்டத்து ஆட்களின் அட்டைகள் விழுந்தன. அந்தத் தோட்டத்தில் அந்தக் காலத்தில் பேர்ப்பதிவு பார்த்த கிராணி ஒருவர் புக்கிட் பாருவில் ஓய்வாக இருப்பதை அண்ணி ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார். அந்தப் பெரியவர் வந்து, இவர்களை எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியும் என்று சத்தியம் செய்தால் போதும். யாருக்காக அண்ணி இவ்வளவு மெனக்கெட்டார் என்று எனக்குப் புரிந்தது. விழுந்த அட்டைகளை எண்ணினார். பத்து. மறுபடி எண்ணினார்.

"மாமா கார்டு மானா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எங்கே என்று அர்த்தம்.

நான் தெரியவில்லை என்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்ற பயம். தஸ்தாவேஜு உள்ளவர்களின் கட்டோடேயே அப்பாவின் காரியம் முடிந்துவிடும் என்ற நப்பாசை வேறு. அடுத்த வாரம் பெரியவர் வந்து கையெழுத்துப் போட்டார். ஒரே காலையில் பத்துப் பேருக்கும் விசாரணை முடிந்தது. வேட்டியும் சட்டையுமாக அவர்கள் சிரித்துக்கொண்டு படியிறங்கிப் போனதை நான் தட்டச்சு இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். விரல்கள் எழுத்துகளைத் தேடிக்கொண்டே இருந்தன.

அப்பாவின் கோப்பு வெகுநாள் கழித்து மேலிருந்து திரும்பியது. தஸ்தாவேஜு இருப்பதாக அட்டை சொல்கிறது, உள்ளே ஒன்றுமில்லை, தள்ளுபடி. வேண்டுமானால் புதிதாக விண்ணப்பிக்கலாம். அண்ணி அட்டையைக் கையில் எடுத்தார். விளிம்பில் நகத்தை ஓட்டினார். நகம் ஓரிடத்தில் நின்றது. என்னைப் பார்க்காமலே எழுந்து சைக்கிள் கொட்டகைக்குப் போனார். நான் பின்னால் போனேன்.

"நீதானே, அடிக்?" தங்கை என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

"சீக்கிரம் முடியட்டும்னு செஞ்சேன் அண்ணி."

"எனக்குச் சொல்லியிருந்தா பதினோரு பேரு. இப்ப மெர்டேக்கா கழிஞ்சு ஒரு வருஷம் ஆச்சு. புதுசாப் போட்டா மாமா மலாய்ப் பரீட்சை எழுந்து நின்னு சொல்லணும். தெரியுமா?"

முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தவர்களுக்கு அந்தத் தேர்வு இல்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். அந்தச் சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்ததே நான்தான். அண்ணி பசைத்தாளை உரித்துத் தன் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். அதன்பிறகு அதைப் பற்றி வீட்டிலும் பேசவில்லை, அலுவலகத்திலும் பேசவில்லை. அலுவலகத்தில் ஏதோ குளறுபடி என்று மட்டும் அப்பாவிடம் சொன்னோம்.

மறுநாள் மாலை அண்ணி அப்பாவின் எதிரில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "மாமா, நாமா சியாப்பா?" என்று பெயரைக் கேட்டார். அப்பா என் பக்கம் திரும்பி, "கேக்கறத நீ கேளு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி மறுபடி கேட்டார். அன்று அப்பா எழுந்து போய்விட்டார். மூன்றாம் நாள் தன் பெயரைச் சுவரைப் பார்த்துச் சொன்னார். கிடங்கில் சாமான் ஏற்றி இறக்கக் கற்ற பத்துப் பதினைந்து சொற்களுக்குமேல் அவரிடம் மலாய் இல்லை. எந்த ஊரிலிருந்து வந்தீர்கள் என்ற கேள்விக்கு ஒருநாள் பொறுக்கமாட்டாமல் தமிழிலேயே சொல்லத் தொடங்கினார். கப்பல், உடன் வந்த தம்பி, வழியிலேயே அவன் இறந்தது. எங்களிடம்கூட அவர் சொல்லாத கதை. அண்ணிக்குப் பாதிதான் புரிந்திருக்கும். கேட்டு முடித்து, அதை நான்கு சின்ன மலாய் வாக்கியங்களாக்கி அவரிடம் திருப்பிக் கொடுத்தார். அப்பா அவற்றை மெல்ல ஒவ்வொன்றாகச் சொன்னார். அதற்குப் பிறகு மாலையானால் முக்காலியை அவரே எடுத்துப் போட்டார்.

தேர்வு நாளில் அண்ணியும் நானும் கதவுக்கு வெளியே நின்றோம். உள்ளே பெயர், ஊர், வேலை எல்லாம் சரியாக வந்தது. பிள்ளைகள் எத்தனை பேர் என்று அதிகாரி கேட்டார். "தீகா" என்றார் அப்பா. மூன்று. விண்ணப்பத்தில் இரண்டு என்றிருந்தது, நான்தான் நிரப்பினேன். அதிகாரி தாளைப் பார்த்து, இரண்டுதானே என்றார். அப்பா கொஞ்சம் தடுமாறி, திறந்திருந்த கதவுப் பக்கம் கையைக் காட்டி, "சத்து மெனாந்து" என்றார். ஒன்று மருமகள். அண்ணி சட்டென்று அங்கிருந்து நகர்ந்து வராந்தாவின் கோடிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அப்பா தேறினார், சுராட் எனும் குடியுரிமைச் சான்றிதழை வாங்கினார், குடிமகனாகவே இறந்தார். நான் அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. அண்ணியிடம் மட்டும், அவருக்கும் வயதான பிறகு, ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"முதல்ல உன் வேலைக்காக. அப்புறம் எனக்காக," என்றார். "நீ அந்தப் பேப்பர ஒட்டலன்னா மாமா அப்பவே சுராட் வாங்கியிருப்பாரு. என்கூட எதுக்குப் பேசப்போறாரு?"

அவர் அதை என்னைத் தேற்றுவதற்குச் சொல்லவில்லை. அவருக்கு அது உண்மை. அதைக் கேட்டு என் மனம் ஆறியிருக்க வேண்டும். ஆனால் சான்றிதழ் வரும்வரை கிடங்குக்குச் சாப்பாடு கொண்டுபோனவள் நான். அந்த மாதங்களில் சாலையில் ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் போனால்கூட அப்பா கிடங்கு வாசலில் போட்டிருந்த முக்காலியைவிட்டு எழுந்து, அவர் மறையும்வரை கைகட்டி நிற்பார். பிறகு என்னைப் பார்த்து, "சும்மா காலு மரத்துப் போச்சு" என்பார். அது அண்ணிக்குத் தெரியாது.